ஒரு புள்ளி போனால் டூல் போச்சு! தெரியுமா?

ஒரேயொரு புள்ளியின் விலை என்ன தெரியுமா?

பள்ளிக்கூடக் கணக்கில் தசமப் புள்ளியை விட்டால் மாக்ஸ் குறையும், அவ்வளவுதான். கணினி சொல்படி இரும்பு கடையும் சி.என்.சி. லேத்தில் விட்டுப் பாருங்கள்! ஜப்பானின் ஃபனுக் வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவற்றில் வழமை இதுதான்: ‘எக்ஸ் 50.’ என்று புள்ளியோடு எழுதினால் 50 மில்லிமீற்றர். புள்ளியை விட்டு ‘எக்ஸ் 50’ என்று எழுதினால்? வெறும் 50 மைக்ரோன்! அதாவது 0.05 மில்லிமீற்றர்! ஆயிரம் மடங்கு வித்தியாசம்! 50 மில்லிமீற்றர் விட்டத்தில் நிற்க வேண்டிய டூல், சுழன்றுகொண்டிருக்கும் இரும்பின் நடுவை நோக்கியே பாயும்!

மெசின் ஏன் என்று கேட்குமா? கேட்காது. எழுதினதைச் செய்யும். இந்த வில்லங்கத்தைத் தவிர்க்க ஒரு செற்றிங் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த மெசினில் அது போட்டிருக்கிறது, எதில் போடவில்லை என்று யார் நினைவு வைத்திருப்பது? புள்ளியைப் போட்டுவிடுவதுதான் புத்தி!

நெல்லியடிக்கும் லேத்துக்கும் என்ன சம்பந்தம்?

நெல்லியடி இருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை, தெரியும்தானே? கரவெட்டி, துன்னாலை, கரணவாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவது கிணற்றுத் தண்ணீரில். தண்ணீர் இறைக்க பம்ப். பம்ப் ஓடினால் ஷாஃப்ட் தேயும், புஷ் தேயும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கடலில் ஓடும் வள்ளங்களின் எஞ்சினுக்கோ உப்புத்தண்ணீர் வேறு! தேய்ந்ததைக் கடைந்து சரிசெய்ய லேத் இல்லாமல் முடியுமா? சந்தைக்கு வெங்காயம் வருவதற்கு முன்னால் எங்கோ ஒரு பட்டறையில் ஒரு புஷ் கடையப்பட்டிருக்கிறது!

அதைவிடப் பெரிய அதிசயம் 1990க்குப் பிறகு நடந்தது. போர் மீண்டும் மூண்டது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு என்று எத்தனையோ சாமான்களுக்குத் தடை! மின்சாரமும் இல்லை! மோட்டார் சைக்கிள் எதில் ஓடியது தெரியுமா? மண்ணெண்ணெயில்! நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ரேடியோ? சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்டார்கள்! பிரித்தானியாவில் 1950களில் செய்த ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அந்தக் காலத்தையும் கடந்து யாழ்ப்பாண வீதிகளில் ஓடின. புதுப் பாட்ஸ் வராத ஊரில் பழைய கார் எப்படி ஓடியது? தேய்ந்ததைக் கடைந்து, ஒன்றின் பாட்ஸை இன்னொன்றுக்குப் பொருத்தித்தான்! அந்தக் கைகளிடம் போய் சி.என்.சி. பெரிய வித்தை என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பிடிக்கிற கைக்கு எவ்வளவு பாரம்?

லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்வது சக். அதன் மூன்று விரல்கள்தான் ஜோ. ஒரு ஜோ 1 கிலோ எடை, சுழல்மையத்திலிருந்து அதன் பாரமையம் 80 மில்லிமீற்றர் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சக் நிமிடத்துக்கு 3,000 தரம் சுற்றுகிறது. அந்த ஒரு கிலோ ஜோவை வெளியே இழுக்கும் விசை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 800 கிலோ! ஒரு மொறிஸ் மைனர் காரையே அந்த ஜோவில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி! அதுவும் ஒரு ஜோவுக்கு மட்டும்!

வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுவையும் இரட்டிப்பாகும் என்று நினைக்கிறீர்களா? இல்லை, நாலு மடங்கு! நின்றபடி இறுக்கும்போது மலை போல இருந்த பிடி, சுற்றத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. வெளியே இருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது!

இன்னும் கேளுங்கள். குழாய் போன்ற துண்டை உள்ளே இருந்து விரித்துப் பிடித்தால் கதை தலைகீழ்! வேகம் கூடக் கூட ஜோ வெளியே தள்ளும், பிடி இன்னும் இறுகும்!

மையத்தில் வேகம் முடிவிலியா?

டூல் இரும்பை வெட்டும் வேகம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால்தான் மேற்பரப்பு ஒரே சீராக வரும். அதற்குத்தான் ‘ஜி-96’ என்ற கட்டளை. விட்டம் குறையக் குறைய மெசின் தானாகவே சுற்றைக் கூட்டிக்கொள்ளும். எவ்வளவு கூட்டும் தெரியுமா? வெட்டு வேகம் நிமிடத்துக்கு 200 மீற்றர் என்று கொடுங்கள். 50 மில்லிமீற்றர் விட்டத்தில் 1,273 சுற்று. 10 மில்லிமீற்றரில் 6,366 சுற்று. 1 மில்லிமீற்றரில்? 63,662 சுற்று! மையத்தைத் தொட்டால் கணக்குப்படி முடிவே இல்லை!

எந்த மெசினாலும் அது முடியாது. ஆனால் தன்னால் இயன்ற உச்சத்துக்கு ஓடிப் பார்க்கும்! பெரிய துண்டு ஒன்றைப் பிடித்து முகத்தைச் சீவும்போது, உள்ளே போகப் போக மெசினின் சத்தம் ஏறி ஏறி ஊளையாக மாறுவதைக் கேட்டவர்களுக்கு இது புரியும். அந்த வேகத்தில் ஜோவின் பிடி என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே! அதனால்தான் ‘ஜி-50’ என்று எழுதி ‘இதுக்கு மேலை போகாதை’ என்று முதலிலேயே எல்லை கட்டுகிறார்கள். ஒரேயொரு வரி! அந்த வரி இல்லாத புரோகிராமை ஓட விடாதீர்கள்.

வட்டமா முக்கோணமா?

மெல்லிய சுவருள்ள ஒரு வளையத்தை மூன்று ஜோவால் இறுக்குங்கள். உள்ளே அழகாக வட்டமாகக் கடையுங்கள். சக்கில் இருக்கும்போது அளந்தால் அச்சொட்டான வட்டம்! இனி ஜோவைத் தளர்த்துங்கள். என்ன நடக்கும்? இறுக்கத்தில் நசிந்திருந்த சுவர் பழைய நிலைக்குத் திரும்ப, நீங்கள் கடைந்த வட்டம் மூன்று மூலையுள்ள ஏதோவொன்றாக மாறிவிடும்!

சரி, அதை மைக்ரோமீற்றரால் பிடித்துவிடலாம் என்கிறீர்களா? அங்கேதான் விளையாட்டு! மூன்று புடைப்புள்ள இந்த வடிவத்தை எந்தப் பக்கமாக அளந்தாலும் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றாகவே காட்டும்! ஒரு புடைப்புக்கு நேரெதிரே எப்போதும் ஒரு தட்டை வந்து நிற்பதால், இரண்டு முனையால் அளக்கும் கருவி ஏமாந்து போகிறது. அளவு சரி, வட்டம் பிழை! புஷ் போய்ப் பொருந்தாதபோதுதான் குட்டு வெளிப்படும்.

இதற்கு மருந்து சொஃப்ட் ஜோ. கடினப்படுத்தாத இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த ஜோ அது. இதில் உள்ள விசித்திரம் தெரியுமா? இந்த ஜோவையே முதலில் லேத்தில் கடைய வேண்டும்! சும்மா திறந்த நிலையில் கடைந்தால் பயனில்லை. ஜோக்களின் அடியில் ஒரு வளையத்தைக் கொடுத்து, துண்டை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்கப்போகிறோமோ அதே அழுத்தத்தில் அதை இறுக்கிப் பிடித்தபடி, துண்டின் விட்டத்துக்கே கடைய வேண்டும். அப்படிக் கடைந்த ஜோ துண்டை மூன்று புள்ளியில் குத்தாமல் சுற்றிவர அணைத்துப் பிடிக்கும். கழற்றி மாட்டினால்? மறுபடி கொஞ்சம் கடைய வேண்டியதுதான்! அடிக்கடி செய்யும் வேலைக்கென்று தனித்தனி ஜோ செற்றை எண் அடித்துத் தட்டில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பட்டறைக்காரரை நம்பலாம்.

ஜோவில் 1, 2, 3 என்று ஏன் எழுதியிருக்கிறது?

அழகுக்கா? இல்லவே இல்லை! சாவியால் திருகும் சக்கின் உள்ளே ஒரு சுருள் தட்டு இருக்கிறது. மூன்று ஜோவின் பற்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பல்லளவு விலகியிருக்கும்! வரிசை மாறிப் போட்டால் மூன்றும் ஒருநாளும் நடுவில் சந்திக்காது! புதிதாக வேலைக்கு வந்த பெடியன் அரைமணி நேரம் மல்லுக்கட்டினபிறகுதான் இது மண்டையில் ஏறும்.

சக்கில் இன்னொரு சாமான் உண்டு, சக் சாவி. அதைச் சக்கிலேயே விட்டுவிட்டு மெசினைப் போட்டால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் கை லேத் வைத்திருக்கும் பட்டறையில் இப்படியொரு உரையாடல் நடக்கும்:

“தம்பி, சாவி எங்கை?”

“கையிலை கிடக்கு அண்ணை.”

“அப்ப சுவிட்ச்சைப் போடு.”

நீட்டினால் எட்டு மடங்கு!

சக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே விசைக்கு அது எத்தனை மடங்கு வளையும் தெரியுமா? எட்டு மடங்கு! விட்டத்தைப் பாதியாக்கினால்? பதினாறு மடங்கு! அதனால்தான் விட்டத்தின் மூன்று மடங்கு நீளத்துக்கு மேலே நீட்டினால் டெயில் ஸ்டொக்கால் முட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். அதையும் மிஞ்சினால் நடுவில் ஸ்டெடி என்ற தாங்கி.

சக்குக்குப் பின்பக்கம்? அதை மறந்தே போவார்கள்! நீளக் கம்பியை, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பின்னால் தாங்கலில்லாமல் நீட்டிவிட்டு வேகமாகச் சுற்றினால், ஒரு கணத்தில் அது வளைந்து சாட்டையாகிவிடும்! முன்னால் நடக்கும் வேலையையே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஆபத்து பின்னால்!

127 என்ற மாய எண்!

அங்குல அளவில் செய்த பழைய பிரித்தானிய லேத்தில் மில்லிமீற்றர்ப் புரி வெட்ட முடியுமா? முடியும்! அதற்கு 127 பல்லுள்ள ஒரு சக்கரம் வேண்டும். ஏன் சரியாக 127? ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை ஐந்தால் பெருக்குங்கள். 127! அது பகா எண் வேறு, அதனால் சின்னச் சக்கரமாகக் குறைக்கவும் முடியாது! இந்த ஒரு சக்கரம் இல்லாவிட்டால் மில்லிமீற்றர்ப் புரி கிட்டத்தட்டத்தான் வரும்.

சி.என்.சி.யில்? சக்கரமே வேண்டாம்! ‘எஃப் 1.5’ என்று அடித்தால் 1.5 மில்லிமீற்றர்ப் புரி. ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒரு என்கோடர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் டூல் அதே கோணத்தில்தான் இறங்கும், அதே தடத்தில்தான் போகும்! 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்குப் புரியின் ஆழம் வெறும் 0.92 மில்லிமீற்றர், அதையும் ஏழெட்டுத் தடவையாகக் குறைத்துக் குறைத்து வெட்டுவார்கள். இடையில் யாராவது வேகத்தை மாற்றினால்? தடம் விலகி, புரி நாசம்! ஆகவே புரி வெட்டும்போது ‘ஜி-96’ஐ நிறுத்தி ‘ஜி-97’ போட்டு ஒரே சுற்றில் ஓடவிட வேண்டும்.

வெயிலுக்கு இரும்பும் வளருமா?

உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு ஒரே வெப்பநிலை என்று 1931இலேயே தீர்மானித்துவிட்டார்கள், தெரியுமா? 20 பாகை செல்சியஸ்! நெல்லியடியில் 20 பாகையா? மாசிப் பனியில்கூடக் கனவுதான்! நம் பட்டறையில் 30 பாகை சர்வசாதாரணம். அந்தப் பத்துப் பாகைக்கு 100 மில்லிமீற்றர் இரும்பு ஏறத்தாழ 12 மைக்ரோன் நீளும். அலுமினியம் என்றால் 23 மைக்ரோன்! கடைந்து முடித்த கையோடு சூடாக அளந்து ‘சரி’ என்று இறக்கி வைத்த துண்டு, குளிர்ந்தபிறகு சின்னதாகிப் போயிருக்கும்! கடைந்த சூட்டோடு எடுத்த அளவை நம்பவே கூடாது.

கை முந்துமா மெசின் முந்துமா?

டூல் வெறுமனே நகரும் ‘ஜி-00’ ஓட்டம் பல மெசின்களில் நிமிடத்துக்கு 30 மீற்றர். 100 மில்லிமீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம்? 0.2 செக்கன்! கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை சிவப்புப் பட்டனுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்! புதுப் புரோகிராமை ஒவ்வொரு வரியாக, ஓட்டத்தை 25 வீதத்துக்குக் குறைத்து, துண்டே இல்லாமல் ஒருதரம் ஓட்டிப் பார்ப்பது பயத்தால் அல்ல, கணக்கால்!

இதையும் கேளுங்கள்!

‘எக்ஸ்’ என்று எழுதுவது பெரும்பாலும் விட்டம். எக்ஸை 2 மில்லிமீற்றர் குறைத்தால் டூல் நகர்வது 1 மில்லிமீற்றர்தான்!

‘டி 0101’ என்றால் முதலாம் டூல், முதலாம் அளவு. கை தவறி ‘டி 0102’ என்று அடித்தால்? முதலாம் டூல் வரும், ஆனால் இரண்டாம் டூலின் அளவோடு வரும்! ஒரு இலக்கம்தான் பிழை!

ஒரு முழு ஷாஃப்ட்டையும் படிப்படியாகச் சீவி உருவாக்க எத்தனை வரி வேண்டும்? ‘ஜி-71’ இரண்டே வரி! அதோடு இறுதி வடிவத்தைச் சொல்லும் நாலைந்து வரி. மிச்சக் கணக்கெல்லாம் மெசின் பார்த்துக்கொள்ளும்!

டூல் நகரும் ஃபீடைப் பாதியாக்கினால், மேற்பரப்பின் கரடுமுரடு கணக்குப்படி நாலில் ஒன்றாகும்!

‘சி.என்.எம்.ஜி. 120408’ என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறதே, அது ஏதோ ரகசிய எண்ணா? இல்லை! 80 பாகைக் கூர், 12 மில்லிமீற்றர் அளவு விளிம்பு, 4 மில்லிமீற்றர் சொச்சம் தடிப்பு, 0.8 மில்லிமீற்றர் மூக்கு வளைவு! முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டு நாலு கூர் பாவிக்கலாம். நாலாவது கூரைப் பாவிக்காமல் எறிகிறவர் காசை எறிகிறார்!

உலகம் என்ன செய்தது தெரியுமா?

லேத்தின் மிகப் பழைய படம் எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 2,300 வருடம்! ஒருவர் வாரை இழுத்துச் சுழற்ற, மற்றவர் கடைகிறார். அதைவிட என்னை வாய்பிளக்க வைப்பது கர்நாடகத்து பேலூர்ச் சென்னகேசவர் கோயில். 1117இல் எழுந்த அந்தக் கோயிலின் வழுவழுப்பான வட்டத் தூண்கள் கடைந்து எடுத்தவை என்பார்கள். கல்லை! மோட்டாரும் இல்லை, மூன்று ஜோ சக்கும் இல்லை. அந்தப் பாரத்தை எப்படிப் பிடித்துச் சுழற்றினார்கள்? தலை சுற்றுகிறது!

எண்களால் ஓடும் முதல் மெசினை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952இல் காட்டியது. அதன் மூளை வெற்றிடக் குழாய்கள்! உணவு துளையிட்ட காகித நாடா! 1959இல் கணினி மொழியால் ஓடும் மெசினை அறிமுகப்படுத்த அதே எம்.ஐ.டி. பத்திரிகையாளர்களைக் கூட்டி என்ன கொடுத்தது தெரியுமா? அந்த மெசினில் செதுக்கிய அலுமினிய சாம்பல் தட்டு!

ஜெர்மனியின் வால்ட்ரிச் சீகன் 1973இல் தென்னாபிரிக்க மின்சார சபைக்குச் செய்த லேத்தின் நீளம் 38 மீற்றர்! எடை 400 தொன்னுக்கு மேல்! மறுபக்கம், அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 1980களில் கட்டிய வைர டூல் லேத், 1.6 மீற்றர் விட்டத் துண்டை ஏறத்தாழ 28 நானோமீற்றர் துல்லியத்தில் கடைந்தது! ஒரு மைக்ரோனில் ஏறத்தாழ முப்பத்தாறில் ஒரு பங்கு!

ஜப்பானில் ஃபனுக் தொழிற்சாலையில் ரோபோக்களே ரோபோக்களைச் செய்கின்றன. 30 நாள் வரை ஆளில்லாமல், விளக்கும் இல்லாமல்!

கோயம்புத்தூரில் 1962இல் பஞ்சாலை மெசின் செய்யத் தொடங்கிய லக்ஷ்மி மெசின் வேர்க்ஸ், 1988இலிருந்து சி.என்.சி. லேத்தும் செய்கிறது! நூல் நூற்கும் மெசினுக்கும் ஆயிரக்கணக்கில் கடைந்த பாட்ஸ்தானே வேண்டும்?

பிள்ளைகள் படிக்க எங்கே போவது?

இன்று மொரட்டுவவில் இருக்கும் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் ஜெர்மன் உதவியோடு 1959இலேயே தொடங்கிவிட்டது. வடக்குக்கு அப்படியொன்று வர எத்தனை வருடம் எடுத்தது தெரியுமா? 57 வருடம்! கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனம் திறந்தது 2016இல். உற்பத்தித் தொழில்நுட்பமும் அங்கே ஒரு பாடம். ஓ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெடியனோ பெட்டையோ உங்களுக்குத் தெரிந்தால், ஒரு தரம் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கடைசிக் கேள்வி. சுற்றும் லேத்துக்குப் பக்கத்தில் கையுறை போடுவது பாதுகாப்பா ஆபத்தா? ஆபத்து! நூல் ஒன்று சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்! ஆகவே பம்ப் ஷாஃப்ட்டைக் கொண்டு அடுத்ததரம் பட்டறைக்குள் போகும்போது கையுறை வேண்டாம். நீட்டுக் கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடியுங்கள், சால்வையைக் கழற்றி வையுங்கள், சக்குக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள்!